பத்தாவது முடித்த பிள்ளைகளுக்கு அரை நாள் வேலையைக் காட்ட ஆள் வேண்டும்

மன்னார்குடி, நீடாமங்கலம், திருவாரூர் பக்கம் இருக்கும் உறுப்பினர்களிடம் ஓர் உதவி.

பதினொன்றில் கூட்டாளி எடுத்த குரூப்பையே எடுக்கிற பிள்ளைகள் நிறைய. கணக்கு இல்லாத குரூப் என்றால் பொறியியல் கலந்தாய்வு அன்றைக்கே போச்சு; வீட்டுக்கு அது பன்னிரண்டாவது முடிந்துதான் தெரிகிறது. பாலிடெக்னிக் என்றால் மார்க் குறைந்தவனுக்கு என்ற பேச்சு வேறு. 3 வருட டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்று யாரும் சொல்வதில்லை.

அறிவுரைக் கூட்டத்தால் பெரிய பயன் இல்லை. வேலையைக் கண்ணால் பார்க்க வேண்டும். ரைஸ் மில் பாய்லர் ஆபரேட்டர், அறுவடை மெஷின் மெக்கானிக், கொள்முதல் நிலையத்தில் நெல்லை மீட்டரில் போட்டு ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்ப்பவர், கால்நடை மருத்துவர், நர்ஸ், யாராக இருந்தாலும் சரி. ஒரு சனிக்கிழமை காலை, ஒரு தடவைக்கு இரண்டு பிள்ளைகள் போதும். கூட்டமாக வந்தால் வேடிக்கையாகிவிடும். வேலை எதுவும் வாங்க வேண்டாம், பதினெட்டு வயது ஆகாதவர்கள். ஓடுகிற பெல்ட், பாய்லர் பக்கம் விடவே கூடாது.

மூன்று கேள்விக்கு மட்டும் ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள்: முதல் வருடம் கையில் எவ்வளவு வந்தது, உடம்புக்கு என்ன சிரமம், என்ன படித்து இதற்கு வந்தீர்கள். சம்பளத்தைக் கூட்டிச் சொன்னால் பிள்ளை பாதியில் விட்டுவிட்டு வரும்.

தஞ்சை நிஃப்டெம் (உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம்), நாகை மீன்வளப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள் போனில் அரை மணி நேரம் பேசினாலும் உதவிதான். இ-சேவை மையம் நடத்துபவர்களும் வேண்டும்: வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்றை ரிசல்ட்டுக்கு முன்பே விண்ணப்பித்துவிட்டால் கடைசி நேர அலைச்சல் மிச்சம்.

முடிந்தவர்கள் ஊர், தொழில், தோதான சனிக்கிழமை மூன்றையும் கீழே எழுதுங்கள். போன் நம்பரை இன்பாக்ஸில் மட்டும் அனுப்புங்கள்.