ஜப்பானிய நடிகை கினுயோ தனாகா படம் இயக்கக் குறுக்கே நின்றது இயக்குநர் மிசோகுச்சியின் பொறாமையா, நிக்காட்சு என்ற பட நிறுவனத்தைச் சுற்றிய தகராறா?

கடைசிபெஞ்ச்: 'ஓஹாருவின் வாழ்க்கை' (1952), 'உகெட்சு' (1953), 'சான்ஷோ' (1954). மூன்றிலும் தனாகாவை வைத்துப் பேர் வாங்கிய மிசோகுச்சிதான், அவர் இரண்டாவது படம் இயக்கப் போனபோது இயக்குநர் சங்கத் தலைவராக இருந்துகொண்டு எதிர்த்தார். இது பொறாமை இல்லாமல் வேறென்ன?

அரங்கன்: தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள் நண்பரே. முதல் படம் 'காதல் கடிதம்' 1953 டிசம்பரில் ஷின்டோஹோ நிறுவனம் மூலம் வெளியாகி, அடுத்த ஆண்டு கான் திரைப்பட விழாப் போட்டிக்கே போனது. தகராறு வந்தது 'நிலவு எழுந்தது' படத்துக்கு, ஏனென்றால் தயாரிப்பு நிக்காட்சு. 1953 செப்டம்பரில் ஷோச்சிக்கு, டோஹோ, டாய்யேய், ஷின்டோஹோ, டோயேய் ஆகிய ஐந்து பட நிறுவனங்களும் சேர்ந்து, ஒருவர் நடிகரையும் இயக்குநரையும் இன்னொருவர் இழுக்கக்கூடாதென்று ஒப்பந்தம் போட்டன. 54-ல் மறுபடி படமெடுக்க வந்த நிக்காட்சுவுக்கு அதுதான் முட்டுக்கட்டை. ஒப்பந்தத்தை முன்னின்று நடத்தியவர் டாய்யேய் முதலாளி நகாட்டா. மிசோகுச்சி படம் எடுத்துக்கொண்டிருந்ததும் அவரிடம்தான்.

கடைசிபெஞ்ச்: அப்படியானால் இயக்குநர் ஓசு? அவரும் ஷோச்சிக்கு ஆள், அதே ஒப்பந்தத்துக்குள் இருந்தவர். ரியோசுகே சாய்ட்டோவுடன் சேர்ந்து எழுதிய 'நிலவு' திரைக்கதையைக் கொடுத்து, கடைசிவரை தனாகா பக்கம் நின்றாரே! தனாகாவுக்கு இயக்கும் அறிவு இல்லை என்ற பொருளில் மிசோகுச்சி பேசியதும் பதிவில் இருக்கிறது. அதை எந்த ஒப்பந்தத்தில் சேர்ப்பீர்கள்?

அரங்கன்: அந்தப் பேச்சுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. எதிர்ப்புக்கு அது ஒன்றே காரணம் என்பதைத்தான் மறுக்கிறேன்.

நிழல்வெளி: நடுவில் ஒன்று. தனாகாதான் ஜப்பானின் முதல் பெண் இயக்குநர் என்று பலர் எழுதுகிறார்கள், தவறு. தசுகோ சகானே 1936-லேயே கதைப்படம் எடுத்துவிட்டார். அவர் மிசோகுச்சியின் உதவி இயக்குநர்!

கடைசிபெஞ்ச்: உதவியாளராக வளர்ந்தவருக்குக் கை கொடுப்பது வேறு. 1924-ல் ஷோச்சிக்குவில் நுழைந்து, 1931-ல் ஜப்பானின் முதல் வெற்றிகரமான பேசும்படத்தில் நடித்த நட்சத்திரம் சமமாக வந்து நிற்பது வேறு. தனாகாவும் குருட்டாம்போக்கில் இறங்கவில்லை. இயக்குநர் நருசேயின் 'அண்ணனும் தங்கையும்' படத்தில் உதவியாளராக வேலை கற்றுக்கொண்டுதான் வந்தார். 1954 ஜூனில் வந்த 'ஊர் பேசும் பெண்'ணோடு மிசோகுச்சியும் தனாகாவும் சேர்ந்து வேலை செய்வது நின்றது. மிசோகுச்சி 56-ல் இறக்கும்வரை பிறகு சேரவில்லை.

அரங்கன்: சரி, படத்துக்கு வருவோம். 'நிலவு எழுந்தது' நாரா நகரம், நடிகர் சிஷு ரியூ, மகள்களின் கல்யாணப் பேச்சு என்று முக்கால்வாசி ஓசுதான். தனாகாவை எடைபோட வேண்டுமானால் அதே 1955-ல் வந்த 'என்றென்றும் பெண்' பாருங்கள். மார்பகப் புற்றுநோயால் 31 வயதில் இறந்த தான்கா என்னும் ஜப்பானியக் குறுங்கவிதை எழுதிய கவிஞர் ஃபுமிகோ நகாஜோவின் கதை. திரைக்கதை சுமியே தனாகா, பெயர்தான் ஒன்று, உறவில்லை. பிணத்தைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் பின்னாலேயே ஃபுமிகோ நடந்து போக, பிணவறைக் கம்பிக்கதவு முகத்துக்கு நேரே மூடிக்கொள்ளும். அந்தத் துணிச்சல் 'நிலவு' படத்தில் எங்கே?

நிழல்வெளி: முக்கால்வாசி சரி, மீதிக் காலை விட்டுவிட்டீர்கள். அதில் வேலைக்காரியாக வருவது தனாகாவேதான். தொலைபேசியில் பொய்க்குரலில் எப்படிப் பேச வேண்டுமென்று நடிகை மியே கிடாஹாரா அவருக்குச் சொல்லிக் கொடுப்பார். வசனத்தை மறுபடி மறுபடி சொல்ல வைப்பார். இளம்பெண் ஒருத்தி ஒத்திகை நடத்த, இயக்குநர் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்பார். அந்தக் குறும்பு ஓசுவுடையது மட்டும்தானா?