அப்டேட்: கம்பெனி சிப்பாயா நின்னுட்டு வந்துட்டேனுங்க

போன பதிவுல கேட்டிருந்தேனுங்களே, 1802-ல தீரன் சின்னமலை ஆளுகளும் கிழக்கிந்தியக் கம்பெனி படையும் மோதுன ஓடாநிலை சண்டைய நடிச்சுக் காட்டற வீக்எண்டுக்கு என்னைய கம்பெனி சிப்பாயா நிக்கச் சொல்றாங்க போலாமா வேண்டாமான்னு, பாதிப்பேரு சின்னமலை பக்கம்னா போ இல்லாட்டி வேண்டாம்னீங்க. போனேனுங்க, அத்தன சந்தோசம்.

டிரில்லுதான் விசயமே. மஸ்கட்டுங்கற அந்தக் காலத்து நீளத் துப்பாக்கி மரத்துல செஞ்ச டம்மி, வெடிமருந்து கெடையாது, ஆனா நெசத்துல பண்ற மாதிரியே பண்ண வெச்சாங்க. காயிதத் தோட்டாவ பல்லுல கடிச்சுப் பிச்சு, கொஞ்சம் மருந்த பக்கவாட்டுக் குழியில கொட்டி மூடி, மிச்சத்த குழாய்க்குள்ள ஊத்தி, குண்டையும் காயிதத்தையும் போட்டு, கம்பியால குத்தி எறக்கி அப்பறந்தான் சுடோணும். நல்லா பழகுன ஆளே நிமிசத்துக்கு 3 தடவதான் சுட முடியுமாம். நான் கம்பிய உருவறதுக்குள்ள எதுத்தாப்புல ஒரு அண்ணன் சிலம்பத்த சுத்திக்கிட்டு மூஞ்சிக்கு முன்னால வந்துட்டாரு, நெஞ்சு படபடன்னு அடிச்சுது பாருங்க, 1802-ல நின்னவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

1802 சிப்பாய்க்கு தலைப்பாகை சரியான்னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க. சரிதானுங்க. தோல் வெச்ச புதுத் தொப்பி பின்னாடி வந்தது, 1806 ஜூலைல வேலூர்க் கோட்டையில சிப்பாய்க கம்பெனிய எதுத்துக் கெளம்புனதுக்கு அதுவும் ஒரு காரணம், சின்னமலைய சங்ககிரில தூக்குல போட்டு ஒரு வருசம்கூட ஆகல. இத மத்தியானச் சோத்தப்ப சொன்னேன், ரெண்டு பக்கத்து ஆளுகளும் சுத்தி உக்காந்துட்டாங்க.

அடுத்து சின்னமலையோட 1804 அரச்சலூர் சண்டைய பண்ணலாம்னு பேச்சு. சிலம்பம் தெரிஞ்சவங்க ஈரோடு, காங்கயம் பக்கம் இருந்தா சொல்லுங்க.