'சோஷல் லோஃபிங்': 'சமூகச் சோம்பல்' வேண்டாம், 'கூட்டுக் கைத்தளர்வு' பொருந்தும்

அன்பின் நண்பர்களுக்கு,

தனியாகச் செய்வதைவிடக் குழுவாகச் செய்யும்போது ஒவ்வொருவரின் முயற்சியும் குறைவதை ஆங்கிலத்தில் 'சோஷல் லோஃபிங்' என்கிறார்கள். பாடத்துக்காக இதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம்மிடையே 'சமூகச் சோம்பல்' என்று ஒருவர் முன்மொழிந்ததற்கு இது என் மறுமொழி. இதோடு வரும் பழமொழியிலிருந்து தொடங்குகிறேன். 'மெனி ஹேண்ட்ஸ் மேக் லைட் வர்க்' என்ற ஆங்கிலப் பழமொழியைத் தமிழில் 'ஆளுக்கொரு கை பிடித்தால் பாரம் தெரியாது' என்று எழுதலாம் என்பது என் கருத்து. ஜோன் ஹேவுட் 1546இல் வெளியிட்ட பழமொழித் தொகுப்பிலேயே இடம்பெற்ற இந்த வாக்கு, வேலையைப் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொருவர் தலையிலும் விழும் சுமை குறையும் என்பதையே சொல்கிறது. 'ஊர் கூடித் தேர் இழுத்தல்' இதற்கு நேர் இணையன்று. தனியொருவரால் முடியவே முடியாததைப் பலர் சேர்ந்து முடிப்பதை அது குறிக்கிறது.

பழமொழியில் பெரிய சிக்கல் இல்லை. அதைத் தலைப்பில் வைத்து லத்தானே, வில்லியம்ஸ், ஹார்கின்ஸ் ஆகிய உளவியலாளர் மூவரும் 1979இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் 'சோஷல் லோஃபிங்' என்ற சொல்லுக்குத்தான் நாம் தமிழ் தேடவேண்டியிருக்கிறது. மாணவர்களைத் தனியாகவும் குழுவாகவும் கைதட்டவும் கத்தவும் வைத்து ஓசையை அளந்தபோது, ஆறு பேர் கூடிய குழு தன் முழு ஆற்றலில் ஏறக்குறைய 40 வீதத்தையே வெளிப்படுத்தியது. ஓசைகள் ஒன்றோடொன்று இசையாமல் போவது இதற்கு ஒரு காரணம். ஆனால் கண்ணைக் கட்டி, காதொலிப்பானை மாட்டி, உடன் பலர் கத்துவதாக நம்பவைத்துத் தனியாளைக் கத்தச் சொன்னபோதும் ஓசை குறைந்தது. அதாவது, முயற்சியே குறைந்தது. அதற்கு முன்பே, பிரெஞ்சு வேளாண் பொறியியலாளர் மாக்ஸ் ரிங்கல்மான் 1913இல் வெளியிட்ட கயிறிழுப்புச் சோதனை முடிவுகளில், எட்டுப்பேர் சேர்ந்து இழுக்கும்போது ஒவ்வொருவரின் பங்கும் அவர் தனித்து இழுப்பதில் ஏறத்தாழப் பாதியாகிவிடுவது தெரியவந்திருந்தது.

இங்கே முன்மொழியப்பட்ட 'சமூகச் சோம்பல்' என்பதை நான் ஏற்கவில்லை. முதலாவதாக, அது ஒரு சமூகமே சோம்பலானது என்று பொருள் தருகிறது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் உள்ள மலையகத்தில், உழைத்து ஓய்ந்த மக்களைச் சோம்பேறிகள் என்று பிறர் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் படிக்கப்போகும் பாடத்தில் இந்தச் சொல் நுழைவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. இரண்டாவதாக, சோம்பல் ஆளின் குணம். இந்த ஆய்வுகள் காட்டுவதோ சூழலின் விளைவு. தன் பங்கு தனியே தெரியாத இடத்தில் முயற்சி குறைகிறது, தெரியும் இடத்தில் அது மீண்டுவிடுகிறது.

நமக்குத் தெரிந்த வேலையிலேயே இதைப் பார்க்கலாம். பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் கொழுந்து மடுவத்தில் ஒவ்வொருவர் சாக்கும் தராசில் தனித்தனியே ஏறுகிறது. கணக்கப்பிள்ளை சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்து அவரவர் பெயரில் எழுதுகிறார். நிறை குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான். அங்கே இந்த விளைவுக்கு இடமே இல்லை. பலர் கூலியில்லாமல் சேர்ந்து செய்யும் சிரமதானத்தில் இடமுண்டு, ஆனாலும் எல்லாச் சிரமதானத்திலும் இல்லை. மண்சரிவில் மூடிய பாதையை வெட்டித் திறக்கும்போது யார் எத்தனை கூடை மண் சுமந்தார் என்று எவரும் எண்ணுவதில்லை, கையும் தளர்வதில்லை. 78 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கராவும் வில்லியம்ஸும் 1993இல் எழுதிய கட்டுரையும், வேலை தமக்கு முக்கியமானது என்று ஆட்கள் உணரும்போது இந்த விளைவு குறைகிறது என்றே கூறுகிறது.

ஆகவே 'கூட்டுக் கைத்தளர்வு' என்பதை முன்வைக்கிறேன். கை தளர்தல் பழி சுமத்தாத சொல். கயிறிழுப்புச் சோதனையையும் இயல்பாக நினைவூட்டுகிறது. 'குழு பெருகப் பெருகக் கை தளர்ந்தது' என்று வினையாகவும் எழுதலாம். முதுமையின் தளர்ச்சியோடு இது குழம்பும் என்ற ஐயம் எழலாம். 'கூட்டு' என்ற முன்னொட்டு அந்த ஐயத்தைத் தீர்க்கும். 'கை' என்பதை விட்டு வெறும் 'கூட்டுத் தளர்வு' என்றால், அரசியல் கூட்டணி உடைவது போலாகிவிடும். பிறர் உழைப்பில் தெரிந்தே பயன் பெறும் 'ஃப்ரீ ரைடிங்' வேறு. அதற்கு 'ஓசிச் சவாரி' போதும்.

இதன் மறுபக்கமாக, மற்றவர்கள் குறைவாகச் செய்வார்கள் என்று எதிர்பார்த்து ஒருவர் கூடுதலாக உழைப்பதை 'சோஷல் கொம்பென்சேஷன்' என்கிறார்கள். அதற்கு 'ஈடுகட்டும் உழைப்பு' எனலாம். 'குழுவில் கைத்தளர்வு வரும் என்று கருதிய மாணவி ஈடுகட்டும் உழைப்பில் இறங்கினாள்' என்ற வாக்கியம் உயர்தர வகுப்புப் பிள்ளைக்குப் பொழிப்புரை இல்லாமலே விளங்கும் என்று நம்புகிறேன். இவற்றைவிடச் சுருக்கமான சொற்கள் இருந்தால் அறியத் தாருங்கள். ஆனால் 'சோம்பல்' மட்டும் வேண்டாம்.