படுக்கையில் இருக்கும் நண்பருக்குப் புத்தகம்: எடை, எழுத்து, வாசனை

அடையாறு வாசகர்:

உடம்பு முடியாத நண்பருக்கு என்ன புத்தகம் கொடுக்கலாம் என்று கேட்டால் எல்லோரும் தலைப்புகளாக அடுக்குகிறார்கள். நல்ல தலைப்புகள்தான். ஆனால் அவரால் அதைக் கையில் பிடிக்க முடியுமா, எழுத்து தெரியுமா, தாளின் வாசனை ஒத்துக்கொள்ளுமா என்பது பேச்சிலேயே வருவதில்லை. கூட இருந்து பார்த்தவர்களும் தொழிலில் இருப்பவர்களும் தெரிந்ததை இங்கே எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், அடுத்தவர் நாளைக்கே செய்து பார்க்கிற மாதிரி விவரம் போதும்.

எடையில் ஆரம்பிக்கிறேன். தமிழில் இப்போது அதிகம் வருவது டெமி அளவு, அதாவது ஐந்தரைக்கு எட்டரை அங்குலம். 70 ஜிஎஸ்எம் தாளில் (ஒரு சதுர மீட்டர் தாள் 70 கிராம்) 200 பக்கம் என்றால் அட்டையோடு சுமார் 230 கிராம். 400 பக்கம் 440 கிராமுக்கு வந்துவிடும். அதே 200 பக்கம், டெமியைவிடச் சிறிய கிரௌன் அளவில் 165 கிராம்தான். ஒரு கையால் பிடித்துப் படிப்பவருக்கு 250 கிராமே அதிகம், மணிக்கட்டு சீக்கிரம் களைத்துவிடும். ஐந்து பாகச் சரித்திர நாவலை ஒரே தொகுதியாகக் கட்டிய பதிப்பு அலமாரிக்கு அழகு, படுத்திருப்பவரின் நெஞ்சில் அம்மிக்கல். பைபாஸ் ஆனவருக்கு நெஞ்செலும்பு சேர 6 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை கனமான எதையும் அவர் தூக்கக்கூடாது, மார்பில் சாய்த்து வைத்துக்கொள்ளவும் கூடாது.

வாங்குவதற்கு முன் இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: வென்ஃப்ளான், அதாவது ட்ரிப்ஸ் ஏற்றும் ஊசி, எந்தக் கையில்? புறங்கையில் ஊசி இருந்தால் விரலை மடக்கிப் பிடிக்கும்போதெல்லாம் இழுக்கும்.

திருவல்லிக்கேணி பைண்டிங்:

தடி புத்தகம் வேணாம்னு ஒதுக்க வேண்டியதில்லை சார். பிரிச்சுக் கட்டிக் கொடுத்துடலாம். இப்படி ஒரு வேலை இருக்கிறதே பல பேருக்குத் தெரியாது.

முதல்ல முதுகைப் பாருங்க. நூல் தையல் போட்டதா, வெறும் பசையா? தையல் போட்டதுன்னா 16 பக்கம் சேர்ந்த மடிப்பு மடிப்பா பிரியும், அதைத்தான் ஃபாரம்னு சொல்வோம். தையலை அறுத்து, பழைய பசையைச் சுரண்டி, ஆறு ஃபாரம் சேர்த்து 96 பக்கத்துக்கு ஒரு பாகமா திரும்பத் தைச்சு, மேல 250 ஜிஎஸ்எம் அட்டை போட்டா ஒரு பாகம் 120 கிராமுக்குள்ள அடங்கும். 576 பக்கப் புத்தகம் ஆறு பாகமாகும். அத்தியாயம் நடுவுல வெட்டுப்படும், அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. அட்டை மேல பெருசா நம்பர் எழுதிடுங்க.

பசை போட்டதுன்னா முதுகை மெஷின்ல 3 மில்லிமீட்டர் வெட்டி ஸ்பைரல் போடலாம். இதுல அத்தியாயம் முடியற இடத்திலேயே பிரிச்சுக்கலாம். ஸ்பைரல்ல பெரிய வசதி, அட்டையைப் பின்னால முழுசா மடிச்சு ஒரே கையால பிடிக்கலாம். ஆனா வெட்டறதுக்கு முன்னாடி உள் ஓரத்தை ஸ்கேல் வெச்சு அளந்துடணும். வெட்டுக்கு 3, ஓட்டைக்கு 7, அதுக்கப்புறம் காலி 5, ஆக மொத்தம் 15 மில்லிமீட்டர் இருக்கணும். காசு மிச்சம் பண்ண எழுத்தை உள்ளே தள்ளி அச்சடிச்ச புத்தகத்துல அது இருக்காது. ஓட்டை எழுத்தைத் தின்னுடும். அதுல கை வைக்காதீங்க.

ஸ்பைரல் வளையம் புத்தகத் தடிமனைவிடக் கொஞ்சம் பெருசா இருக்கணும். இறுக்கிப் போட்டா பக்கம் புரட்டும்போது ஓட்டை கிழியும். ரெண்டு முனையையும் உள்பக்கம் மடக்கச் சொல்லி, மேல டேப் ஒட்டி வாங்குங்க. ப்ளேட்லெட் கம்மியா இருக்கிறவங்களுக்கு ஒரு சின்னக் கீறல் போதும், ரத்தம் நிக்க நேரமாகும்.

லைப்ரரி புத்தகம், கையெழுத்து போட்ட புத்தகம், மறுபடி கிடைக்காத பதிப்பு இதையெல்லாம் தயவுசெய்து கொண்டு வராதீங்க.

முன்னாள் வார்டு நர்ஸ், நங்கநல்லூர்:

பழைய புத்தகப் பிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பாரதி சாலை நடைபாதையில் தேடி எடுத்ததை, லஸ் முனையில் பேரம் பேசி வாங்கியதை, கீமோ எடுப்பவருக்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள். மருந்து ஏறிய 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை பெரும்பாலும் வெள்ளை அணுக்கள் மிகக் குறைந்திருக்கும். பழைய தாளில் தூசியோடு பூஞ்சை வித்துகளும் இருக்கும். சாதாரண நுரையீரல் அதைச் சமாளித்துவிடும், இவர்களால் முடியாது. நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அலமாரிப் புத்தகமே நமுத்துப் பூசணம் பிடிக்கிறது. வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடும் என்பது தவறு. பூசணம் காயும், வித்து அங்கேயேதான் இருக்கும். பக்கம் புரட்டும்போது இன்னும் லேசாகப் பறக்கும். ஆஸ்துமாக்காரருக்கும் பழைய புத்தகம் ஆகாது, அந்துருண்டை வாசனையோடு வந்தால் இரட்டைத் தொல்லை.

புதுப் புத்தகமே வாங்குங்கள். லேமினேஷன் அட்டையை 70 சதவீத ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்கலாம். பக்கங்களில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், தாள் ஊதிவிடும். அச்சு மையும் பசையும் சேர்ந்த புது வாசனை நமக்குப் பிடிக்கும், கீமோவில் இருப்பவருக்குக் குமட்டும். ஒருநாள் முழுக்கப் பக்கங்களை விரித்துக் காற்றாட வைத்துவிட்டுக் கொடுங்கள். எலும்பு மஜ்ஜை மாற்று அறைக்குப் பல இடங்களில் புத்தகமே அனுமதி இல்லை, துடைக்கக்கூடிய பொருள்தான் உள்ளே போகும். அங்கே ஈ-ரீடர் கைகொடுக்கும். இருநூறு கிராம் அளவில்தான் இருக்கும், எழுத்தைப் பெரிதாக்கலாம், ராத்திரியில் வெளிச்சத்தைக் குறைக்கலாம். எதற்கும் நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்துப் போங்கள். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிற பழக்கம் உள்ளவர் படித்த புத்தகத்தை இவர்களுக்குக் கொடுக்கவே வேண்டாம்.

சில கீமோ மருந்துகளால் விரல் நுனி மரத்துப்போகும். ஒற்றைத் தாளைப் பிரிப்பதே பெரும்பாடு. பணம் எண்ணும் கேஷியர்கள் விரலில் மாட்டும் ரப்பர் உறை ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும், அதை மாட்டிக்கொண்டால் தாள் வழுக்காது. ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து எடுப்பவர் ஏசி அறையில் குளிர்ந்து கிடக்கும் பொருளைத் தொட்டால் விரலில் சுருக்கென்று குத்தும். ஈ-ரீடருக்குத் துணி உறை போட்டுக் கொடுங்கள்.

கீமோவோடு பெரும்பாலும் ஸ்டீராய்டும் கொடுப்பார்கள். அன்று ராத்திரியும் அடுத்த ஓரிரு ராத்திரியும் தூக்கம் வராது. புத்தகம் மிகவும் தேவைப்படுவது அப்போதுதான், ஆனால் கவனம் நாலைந்து பக்கத்துக்கு மேல் நிற்காது. பெயர்கள் மறக்கும், படித்த பத்தியையே திரும்பப் படிப்பார்கள். புது நாவலைவிட ஏற்கெனவே படித்து ரசித்த புத்தகம் நல்லது, கதை தெரியும் என்பதால் நினைவுக்கு வேலை குறைவு. இல்லையென்றால் சிறுகதை. அற்புத உணவு, மூலிகைச் சாறு என்று புற்றைக் குணமாக்குவதாகச் சொல்லும் புத்தகங்களை அன்பின் பேரில்கூடக் கொண்டுபோகாதீர்கள். அதை நம்பி சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் எல்லா வார்டிலும் உண்டு.

மடிப்பாக்கம் அக்கா:

ஒண்ணு விட்டுப்போச்சு. வயிற்றில் ஆபரேஷன் ஆன முதல் வாரத்துக்கு நகைச்சுவைப் புத்தகம் வேண்டாம். சிரித்தால் தையல் சுண்டி இழுக்கும். கேட்காமல் படிக்கிறவராக இருந்தால், சிரிப்பு வரும்போது வயிற்றோடு அணைத்துக்கொள்ள ஒரு சின்னத் தலையணை சேர்த்துக் கொடுங்கள்.

டயாலிசிஸ் டெக்னீஷியன், பெரம்பூர்:

எங்கள் ஆட்கள்தான் உண்மையில் நிறையப் படிக்கக்கூடியவர்கள். பெரும்பாலானவர்களுக்கு வாரம் மூன்று தடவை, ஒரு தடவைக்கு 4 மணி நேரம். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையை அசைக்கக்கூடாது, புத்தகத்தாலோ போர்வையாலோ மூடவும் கூடாது. ஊசி நழுவினால் உடனே கண்ணில் பட வேண்டும். ஆக, ஒரு கைதான் மிச்சம். பைண்டிங் அண்ணன் சொன்ன ஸ்பைரல் இங்கே கச்சிதம். புத்தகத்தை விரித்து வைக்கும் வியாசபீடம் தரையில் உட்கார்ந்து படிக்கச் செய்தது, மடியில் வைத்தால் வழுக்கும். கட்டிலுக்குக் குறுக்கே தள்ளும் மேஜை இருந்தால் அதன்மேல் ஒரு ரப்பர் விரிப்புப் போட்டு வைக்கலாம்.

முதல் இரண்டு மணி நேரம் தெளிவாக இருப்பார்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் பிபி இறங்கலாம். கொட்டாவி, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு என்று வந்தால் புத்தகத்தை மூடிவிட்டு எங்களைக் கூப்பிட வேண்டும். ‘இந்த அத்தியாயம் முடிச்சுடறேன்’ என்று பொறுத்துக்கொள்ளக்கூடாது.

மாதத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று அமர்வு. அமர்வுக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்தால் 40 அத்தியாயத் தொடர்கதை மூன்று மாதம் வரும். நண்பரும் அதே அத்தியாயத்தை அன்றைக்கே படித்துவிட்டு மாலையில் போன் போட்டால் மிஷினைத் தவிர பேசுவதற்கு வேறு விஷயம் கிடைக்கிறது. சாப்பாட்டைப் பற்றி ருசித்து எழுதிய கட்டுரைகளை மட்டும் தவிர்க்கலாம். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்து குடிப்பவரிடம் டிகிரி காபியை மூன்று பக்கத்துக்கு வர்ணிப்பது கொடுமை.

குரோம்பேட்டை, ஒலிப்பதிவு:

படிக்கவே முடியாதவருக்கு வாசித்து அனுப்புங்கள். விழித்திரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வாயு ஏற்றி, நாள்கணக்கில் குப்புறப் படுக்கச் சொன்னவருக்கு இதைத் தவிர வேறு வழியே இல்லை.

மின்விசிறியை நிறுத்துங்கள். தொண்ணூறு சதவீதக் கெடுதல் அதனால்தான் என்பேன். போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் பிடித்தால் ‘ப’, ‘ப்ப’ வரும்போது காற்று அடிக்காது. துணி நிறைந்த பீரோவைத் திறந்து அதன் எதிரே உட்கார்ந்தால் எதிரொலி குறையும். டெமி பக்கம் ஒன்றை நிதானமாக வாசிக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும், பத்துப் பக்கச் சிறுகதைக்கு 25 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரே பதிவாக வாட்ஸாப்பில் அனுப்பினால் பாதியில் தூங்கிப்போனவருக்கு விட்ட இடம் கிடைக்காது. எட்டு நிமிடத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘2, கிணற்றடி வரை’ என்று ஒரு வரி தட்டச்சு செய்து அனுப்புங்கள். மைக் பொத்தானை மேலே தள்ளிப் பூட்டிவிட்டால் விரலை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

நடிக்க வேண்டாம். தப்பாக வாசித்தால் நிறுத்தி, அந்த வாக்கியத்தையே திரும்ப வாசித்தால் போதும். இவை ஒரு நண்பருக்கு மட்டும். யூடியூபில் ஏற்றுவதென்றால் உரிமை பார்க்க வேண்டும்: ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்திருக்க வேண்டும், அல்லது தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்க வேண்டும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழைய நூல்கள் இலவசமாக இருக்கின்றன. அதிலிருந்து எடுத்து 16 புள்ளி (பாயின்ட்) எழுத்தில், ஒன்றரை வரி இடைவெளியில் அச்செடுத்துக் கொடுத்தால் கண் மங்கியவர்களும் படிப்பார்கள்.

பேச்சுப் பயிற்சியாளர், அண்ணா நகர்:

பக்கவாதத்தில் மூளையின் வலப்பக்கம் பாதித்தவர்களில் சிலருக்கு இடப்புறம் இருப்பதே உறைக்காது. ஒவ்வொரு வரியையும் பாதியிலிருந்து படித்துவிட்டு ‘இதில் அர்த்தமே இல்லை’ என்று தள்ளிவிடுவார்கள். புத்தி பேதலித்துவிட்டது என்று வீட்டில் பயப்படுவார்கள். பக்கத்தின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகத் தடித்த சிவப்புக் கோடு போடுங்கள். ‘சிவப்பைப் பார்த்துவிட்டு வரியைத் தொடங்குங்கள்’ என்று ஒவ்வொரு வரிக்கும் சொல்ல வேண்டியிருக்கும், பிறகு பழகும். மூளையின் இடப்பக்கம் பாதித்துப் பேச்சு போனவர்களுக்கு நீங்கள் விரல் வைத்து மெதுவாக வாசியுங்கள், கூடச் சேர்ந்து வந்தால் வரட்டும். தடுமாறும் சொல்லை உடனே எடுத்துக் கொடுக்காமல் கொஞ்சம் பொறுங்கள். எழுத்து பெரிதாக இருக்கிறதே என்று குழந்தைப் புத்தகத்தை நீட்டாதீர்கள். ஹெட்மாஸ்டராக இருந்தவர் கையில் அணில் படம் கொடுத்தால் அவர் அதோடு படிப்பதையே விட்டுவிடுவார்.

சைதாப்பேட்டை தோழர்:

எல்லாம் சரி. புத்தகத்தைக் கொடுக்கும்போதே ‘திருப்பித் தர வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள். தேதி, பாக்கி என்று தலையில் ஏற்றக்கூடாது. ‘எவ்வளவு முடிச்சீங்க’ என்ற கேள்வியும் கூடாது, வீட்டுப்பாடம் மாதிரி ஆகிவிடும்.

அடையாறு வாசகர்:

கேள்வி கூடாது என்பதில் ஒத்துப்போகிறேன் தோழர், முதல் விஷயத்தில் இல்லை. நோய் கடுமையாக இருப்பவரிடம் ‘நீங்களே வெச்சுக்கோங்க’ என்றால் அவர் காதில் அது வேறு மாதிரி விழும். ‘நிதானமாப் படிச்சுட்டுக் குடுங்க, எனக்கு வேணும்’ என்று இரவல் கொடுங்கள். நண்பர்களுக்குள் எப்போதும் நடக்கிற கொடுக்கல் வாங்கல் அது, நோய்க்காக அதை நிறுத்துவானேன்? தேதி மட்டும் சொல்லாதீர்கள். நூலகப் புத்தகம் என்றால்தான் தேதி வரும். தேவநேயப் பாவாணர் நூலகத்திலோ கன்னிமாராவிலோ எடுப்பதானால் உங்கள் உறுப்பினர் அட்டையில் எடுங்கள், புதுப்பிக்கிற வேலையும் உங்களோடது. கீமோ நோயாளிக்கு அதுவும் வேண்டாம், காரணம் மேலே நர்ஸ் அம்மா சொன்னதுதான்.

சைதாப்பேட்டை தோழர்:

சரி, ஆளைப் பார்த்து. ஐசியூவில் இருந்தால் என்ன செய்வது?

முன்னாள் வார்டு நர்ஸ், நங்கநல்லூர்:

ஐசியூவுக்குள் பொதுவாக விடமாட்டார்கள், வார்டுக்கு மாற்றிய பிறகு கொடுங்கள். ஆனால் தொலைவதும் அந்த மாற்றத்தில்தான். விரிப்பைச் சுருட்டும்போது புத்தகமும் சேர்ந்து லாண்டரிக்குப் போய்விடும். முதல் பக்கத்தில் நோயாளி பெயரோடு உங்கள் போன் நம்பரையும் எழுதுங்கள். புத்தகம், கண்ணாடி, ரப்பர் உறை மூன்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு, ஊசி இல்லாத கைப் பக்கம், உட்கார்ந்தபடியே எட்டும் உயரத்தில் கட்டில் கம்பியில் கட்டுங்கள். எதிர்ப்பக்கம் கட்டினால் எட்டி எடுக்கும்போது ட்ரிப்ஸ் குழாய் இழுபடும்.