எக்ஸ்டி கணினியில் பி ஃப்ளாப்பி டிரைவாக எதைப் போடலாம்: 1.2 எம்பி-யா, 1.44 எம்பி-யா?

நாற்பதுதடம் கேட்டது:

என்னிடம் 8088 செயலியில் ஓடும், 1980-களின் எக்ஸ்டி வகைக் கணினி இருக்கிறது. இயங்குதளம் டாஸ் 3.3. ஏ டிரைவ் ஐந்தேகால் அங்குல 360 கேபி ஃப்ளாப்பி, இன்னும் தெம்பாகத்தான் ஓடுகிறது. பி டிரைவின் மோட்டார் போய்விட்டது. மாற்றாக இரண்டு டிரைவ் கையில் உண்டு. ஒன்று பிற்காலத்து 486 கணினியிலிருந்து கழற்றிய ஐந்தேகால் அங்குல 1.2 எம்பி. இன்னொன்று மூன்றரை அங்குல 1.44 எம்பி.

முதலில் 1.2-ஐ மாட்டினேன். அதே கேபிள், அதே பவர் பிளக், குழியிலும் கச்சிதமாக உட்கார்ந்தது. விளக்கு எரிகிறது, வட்டு சுழல்கிறது. ஆனால் எந்த 360 வட்டைப் போட்டாலும் பிழைதான். ஃபார்மேட் கொடுத்தால் முதல் தடத்திலேயே (வட்டில் தகவல் எழுதப்படும் வட்டக் கோடு) கைவிரித்துவிடுகிறது.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. இந்த டிரைவ் 486-இல் இருந்தபோது, ஒரு பழைய 360 வட்டில் இரண்டே இரண்டு கோப்புகளைத் திருத்திச் சேமித்தேன். அங்கே நன்றாகப் படித்தது. இப்போது அதே வட்டை எக்ஸ்டி-யின் ஏ டிரைவில் போட்டு கோப்புகளைப் பட்டியலிடும் டிர் கட்டளையை அடித்தாலே பிழை. முப்பது கோப்புகள் இருந்த வட்டு. மொத்தமும் போய்விட்டதா?

செவ்வரிக்கேபிள் எழுதியது:

முதலில் வட்டைக் காப்பாற்றுவோம். அதில் எதையும் எழுதாதீர்கள். ஓரத்து வெட்டை ஒட்டுத்தாளால் மூடிவிட்டு அப்புறம் படியுங்கள்.

ரிப்பேர் மேசையில் உட்கார்ந்திருந்த காலத்தில் மாதம் ஒருவராவது இதே வட்டோடு வருவார். 360 டிரைவின் படிக்கும்-எழுதும் தலை போடும் தடம் சுமார் 0.33 மில்லிமீட்டர் அகலம். அதே அளவு வட்டில் 40-க்குப் பதில் 80 தடம் அடக்க வேண்டியதால் 1.2 டிரைவின் தலை அதில் பாதிதான். அகலமான தூரிகையால் பூசிய கோட்டின் நடுவே மெல்லிய தூரிகையால் வேறு நிறம் பூசினால் இரு ஓரத்திலும் பழைய நிறம் அப்படியே நிற்கும் அல்லவா? மெல்லிய தலை நடுவை மட்டும் பார்ப்பதால் 486-இல் சிக்கல் இல்லை. அகலத் தலை புதியதையும் பழையதையும் சேர்த்துப் படித்துக் குழம்புகிறது.

நீங்கள் திருத்தியது இரண்டு கோப்புதான். ஆனால் சேமிக்கும்போது டாஸ் வட்டின் தொடக்கத்தில் உள்ள கோப்புப் பட்டியலையும் ஒதுக்கீட்டு அட்டவணையையும் திருத்தி எழுதுகிறது. அது கெட்டதால்தான் டிர் வரவில்லை. மற்ற கோப்புகள் இருந்த இடத்தில் பத்திரமாக இருக்கின்றன. 1.2-ஐத் திரும்ப 486-இல் மாட்டி, எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுங்கள். எக்ஸ்டி-க்குத் திரும்பக் கொண்டுபோக, இதுவரை ஃபார்மேட்டே ஆகாத வட்டு வேண்டும், இல்லையென்றால் காந்தத்தால் முழுக்க அழித்தது. அதை 1.2-இலேயே ஃபார்மேட் கட்டளையோடு சாய்கோடு 4 சேர்த்து 360 வட்டாகத் தயார் செய்யுங்கள். ஓரத்தில் பழைய எச்சம் இல்லாததால் 360 டிரைவ் பெரும்பாலும் படித்துவிடும். பழைய வட்டையே 1.2-இல் மறுபடி ஃபார்மேட் செய்வதில் பயனில்லை, ஓரத்து எச்சம் போகாது.

இனி டிரைவ். அது கெடவில்லை. எக்ஸ்டி-யின் ஃப்ளாப்பி கார்டுக்குத் தெரிந்தது ஒரே வேகம், நொடிக்கு 2,50,000 பிட். 360 டிரைவ் நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 200 மில்லிநொடி, அதற்குள் 6,250 பைட் போகும். 512 பைட் செக்டார் (தடத்தின் ஒரு துண்டு) ஒன்பதும், அவற்றின் தலைப்புகளும் இடைவெளிகளும் அதில் அடங்கிவிடும். 1.2 டிரைவ் 360 சுற்று. அதே கார்டோடு சேர்ந்தால் தடத்துக்கு 5,200 பைட் சொச்சம்தான் கிடைக்கும். தகவல் மட்டுமே 4,608 பைட் ஆயிற்றே, மிச்சத்தை எங்கே வைப்பது? 486-இன் கார்டு இதற்காகவே 3,00,000 பிட் வேகத்துக்கு மாறிக்கொள்ளும். 1984-இல் எக்ஸ்டி-க்கு அடுத்த ஏடி கணினி வந்தபோது 1.2 டிரைவோடு புதுக் கார்டும் சேர்ந்தே வந்ததற்குக் காரணம் இதுதான்.

மெல்லியவட்டு எழுதியது:

என் எக்ஸ்டி-யில் 1.44 டிரைவ்தான் பி. 300 சுற்று என்பதால் கார்டு முரண்டு பிடிக்கவில்லை, ஆனால் 720 கேபி-தான் கிடைக்கும். டாஸ் தொடங்கும்போது படிக்கும் கான்ஃபிக் கோப்பில், கூடுதல் டிரைவைச் சேர்க்கும் டிரைவர்.சிஸ்-ஐ டி 1, எஃப் 2 என்று கொடுத்து ஏற்றுங்கள். புது எழுத்தில் 720 டிரைவாக வரும். ஹார்ட் டிஸ்க் சி என்றால் இது டி. கேபிளில் முறுக்கு இல்லாத நடு இணைப்பில் மாட்டுங்கள். பட்டை இணைப்பை ஊசி இணைப்பாக்கும் அடாப்டரும் வேண்டும்.

சின்ன பவர் பிளக் ஜாக்கிரதை. கொஞ்சம் அழுத்தினால் தலைகீழாகவும் நுழையும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய், ஒரு டிரைவின் சிப் என் கண்முன்னாலேயே புகைந்தது.

1.44 வட்டு என்று டிரைவுக்குக் காட்டும் ஓட்டையை டேப்பால் மூடினால் 720 ஆகிவிடும், எனக்கு நன்றாகவே ஓடுகிறது.

செவ்வரிக்கேபிள் எழுதியது:

டேப் வைத்தியத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். மூன்றரை அங்குலத்தில் 720, 1.44 வட்டுகளின் காந்தப் பூச்சுக்குள் வித்தியாசம் கொஞ்சம்தான், அதனால் இன்றைக்கு ஓடும். ஆறு மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள். ஐந்தேகாலில் முயலவே வேண்டாம், 1.2 வட்டின் பூச்சைக் காந்தமாக்க ஏறக்குறைய இரு மடங்கு வலு வேண்டும், 360 டிரைவால் அதில் ஒழுங்காக எழுத முடியாது.

நாற்பதுதடம் எழுதியது:

முப்பது கோப்பும் 486-இல் வந்துவிட்டன! அப்புறம் 1.44-ஐ எக்ஸ்டி-யில் மாட்டினேன். கணினியைப் போட்டதும் டிரைவ் விளக்கு எரிந்தது எரிந்தபடி நின்றது. பத்து நிமிடம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். பார்த்தால் அடாப்டரில் கேபிளின் சிவப்பு வரி எதிர்ப்பக்கம். திருப்பி மாட்டியதும் டி டிரைவ் வந்தது. டேப் ஒட்டாத நிஜ 720 வட்டு நான்கு கிடைத்தது. மூன்று சுத்தமாக ஃபார்மேட் ஆயின. நான்காவதில் பூஞ்சை, ஜன்னலைத் தள்ளியதுமே வெள்ளையாகத் தெரிந்தது. தலையில் ஒட்டிவிடும் என்று அதை உள்ளேயே விடவில்லை.