புரோட்டியசோமுக்கு 'அழிப்பி' வேண்டாம்

அன்புள்ள குழுவினருக்கு,

உயிரணுவுக்குள் பழுதான புரதங்களை வெட்டிப் பிரிக்கும் புரோட்டியசோமுக்குத் தமிழ்ச்சொல்லாக நம் குழுவில் ஐயா முன்வைத்த 'புரத அழிப்பி'யைப் போன வாரம் நானும் ஆதரித்தேன். முந்தாநாள் எங்கள் புளோக்கில் நடந்த ஒன்று என் மனத்தை மாற்றிவிட்டது.

நான்காம் மாடி அத்தைக்கு இதயச் செயலிழப்பு. டாக்டர் சொன்னபடி தினமும் நடக்கிறார். நடை இதயத்துக்குள் என்ன செய்கிறது என்று அவருக்காக அரைப்பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதில் 'பயிற்சி, புரத அழிப்பியின் வேகத்தை மீட்கிறது' என்று ஒரு வரி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, நடந்தா புரதம் அழிஞ்சிடுமா? அப்ப காலையில திங்கிற முட்டையெல்லாம் வீணா?"

பிழை அவருடையதல்ல, சொல்லுடையது. மடிப்பு குலைந்து வடிவம் கெட்ட புரதத்தின் மேல் யுபிக்விட்டின் என்ற சிறு புரதம் சங்கிலியாக ஒட்டும். ஒவ்வொன்றும் 76 அமினோ அமில நீளம்தான். அந்த அடையாளத்தைக் கண்டு புரோட்டியசோம் அதை உள்ளே இழுக்கும். புரோட்டியசோமின் நடுப்பகுதி ஒரு பீப்பாய்: ஏழேழு அலகுகள் கொண்ட 4 வளையங்கள். வெட்டும் இடம் உட்சுவரில் இருப்பதால் வெளியே திரியும் நல்ல புரதம் சும்மா வெட்டுப்படாது. வெளிவரும் துண்டுகள் மேலும் உடைந்து அமினோ அமிலங்களாகி, புதுப் புரதம் கட்டப் போய்ச்சேரும். ஹாரன் அடித்துக்கொண்டு பழைய சாமான் வாங்க வரும் காராங்குனிக்காரர் பழைய விசிறியை வாங்கிப்போக, அதைப் பிரித்துச் செம்புக் கம்பியைத் தனியே எடுப்பதில்லையா, அதேதான். இப்படிச் சொன்னதும் அத்தைக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

செயலிழக்கும் இதயத்தில் இந்த வேலை மந்தமாகிப் பழுதான புரதங்கள் தேங்குகின்றன. மாரடைப்புக்குப் பின் இதயம் தளர்ந்த எலிகளை 8 வாரம் டிரெட்மில்லில் ஓடவைத்தபோது புரோட்டியசோமின் வேகம் மீண்டதை பிரேசில் ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டார்கள். இவ்வளவு நல்ல செய்தியை 'அழிப்பி' என்ற ஒரே சொல் அச்சமூட்டுவதாக்கிவிடுகிறது.

அதனால் என் பரிந்துரை 'புரதப் பிரிப்பகம்'. வண்டியைப் பிரித்துப் போட்டான் என்கிறோமே, அந்தப் பிரிப்பு. அச்சகம், உணவகம் போல வேலை நடக்கும் இடம் என்பதால் 'அகம்'. பீப்பாய்க்குள் நடப்பதற்கும் அது பொருந்துகிறது. குழுவில் அக்கா எழுதிய 'சிதைப்பக'த்தையும் யோசித்தேன். ஆனால் இதய நோயாளி படிக்கும் தாளில் 'சிதை' என்ற எழுத்துகளே வரக்கூடாது என்று தோன்றுகிறது. யுபிக்விட்டினை இப்போதைக்கு அப்படியே வைத்துக்கொள்ளலாம், சரியா?

திருத்திய தாளை ஞாயிற்றுக்கிழமை அத்தையிடம் கொடுக்கிறேன். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
சிங்கப்பூர் ஈசூனிலிருந்து