ஒரே கிணற்றுத் தண்ணீருக்கு இரண்டு டிடிஎஸ் மீற்றர்கள் இரண்டு எண்களைக் காட்டுகின்றன: எதை நம்புவது?

கேள்வி: கண்டாவளையிலிருந்து

வணக்கம். எங்கள் வளவில் 22 அடி ஆழமான கட்டுக்கிணறு ஒன்று உள்ளது. குடிப்பதற்கும் பின்வளவில் உள்ள மிளகாய்க் கன்றுகளுக்கும் அந்தத் தண்ணீரையே பயன்படுத்தி வருகிறோம். சென்ற மாதம் நீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் விற்கும் ஒருவர் வந்து, தண்ணீரில் கரைந்த திண்மங்களின் மொத்த அளவைக் (டிடிஎஸ்) காட்டுவதாகச் சொல்லப்படும் பேனா போன்ற மீற்றர் ஒன்றைக் குவளையில் விட்டு, 830 என்ற எண்ணை அம்மாவுக்குக் காட்டினார். பின்னர் இரண்டு சோடி உலோகக் கம்பிகள் கொண்ட கருவியொன்றை மின்சாரத்தில் கொழுவி, ஒரு சோடியை எங்கள் தண்ணீரிலும் மற்றச் சோடியைத் தமது இயந்திரத்தின் தண்ணீரிலும் வைத்தார். சில நிமிடங்களில் எங்கள் தண்ணீர் செம்மண் கரைத்ததுபோல் கலங்கி, மேலே பழுப்பு நுரை திரண்டது. அவருடைய தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. அன்றிலிருந்து அம்மா கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்திவிட்டார்.

என் மனம் கேட்காமல், கிளிநொச்சி நகரில் விலை குறைந்த மீற்றர் ஒன்றை வாங்கிவந்து அதே கிணற்றில் அளந்தேன். அது 584 என்று காட்டியது. இலங்கையின் குடிநீர்த் தரநிலையில் கரைந்த திண்மங்களுக்கான எல்லை லீற்றருக்கு 500 மில்லிகிராம் என்று வாசித்தேன். இவற்றுள் எந்த மீற்றர் பிழையானது? இத்தகைய மீற்றரை எந்த அளவுக்கு நம்பலாம்?

பதில்: வவுனியாவிலிருந்து, நீர் ஆய்வுகூடமொன்றில் பணியாற்றியவர்

தம்பி, இரண்டு மீற்றர்களும் ஏறத்தாழச் சரியாகவே அளந்திருக்கின்றன என்பது என் எண்ணம். இந்தக் கருவிகள் கரைந்த திண்மங்களை அளப்பதில்லை. தண்ணீர் எவ்வளவு இலகுவாக மின்னைக் கடத்துகிறது என்பதை மட்டுமே அளந்து, அந்த மின்கடத்துதிறனை ஓர் எண்ணால் பெருக்கி, வருவதைப் பிபிஎம் (பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு; தண்ணீரில் ஏறத்தாழ லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம்) என்று காட்டுகின்றன. பெருக்கும் எண் கருவிக்குக் கருவி வேறுபடும். சிலவற்றில் அது 0.5, சிலவற்றில் 0.7. உங்கள் 584 ஐ 0.5 ஆல் பிரித்துப் பாருங்கள், 1168 வரும். விற்பனையாளரின் 830 ஐ 0.7 ஆல் பிரித்தால் ஏறக்குறைய 1186 வரும். இரண்டும் சென்ரிமீற்றருக்கு இத்தனை மைக்ரோ சீமன்ஸ் என்ற கடத்துதிறன் அளவுகள். இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு 2 சதவீதமும் இல்லை. ஆகவே மீற்றர் வாங்குவோர் மைக்ரோ சீமன்ஸில் காட்டும் வசதி உள்ளதை வாங்கி, அந்த எண்ணையே குறித்து வைப்பது நல்லது. சரியான பெருக்கெண் தண்ணீரில் எந்த உப்புகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. அதைத் தொழிற்சாலையில் இருந்தவர் உங்கள் கிணற்றுக்காக நிர்ணயித்திருக்க முடியாது.

கம்பிச் சோதனையைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஒவ்வொரு சோடியிலும் ஒரு கம்பி இரும்பு. மின்சாரம் பாயும்போது அந்த இரும்புதான் கரைந்து, துருவாகி, பழுப்பாக மிதக்கிறது. உப்பு நீக்கிய தண்ணீர் மின்னைக் கடத்தாதபடியால் அங்கே இரும்பு கரைவதில்லை. இயந்திரத்தின் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு அதே சோதனையைச் செய்யச் சொல்லுங்கள், அதுவும் செந்நிறமாகும். அம்மா கண்ட அழுக்கு உங்கள் கிணற்றிலிருந்து வந்ததன்று என்பதை அவரிடம் ஆறுதலாக எடுத்துச் சொல்லுங்கள்.

பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் "2 சதவீதம்" என்ற துல்லியத்தையும் கவனிக்க வேண்டும். பல மலிவான கருவிகளில் அது முழு அளவீட்டு எல்லைக்கான சதவீதமாகும். எல்லை 9990 பிபிஎம் என்றால், 2 சதவீதம் என்பது 200 பிபிஎம் ஆகிவிடும். நடைமுறையில் பெரும்பாலான கருவிகள் அதைவிட நன்றாகவே அளக்கின்றன, ஆனால் உற்பத்தியாளர் உறுதி தருவது அவ்வளவுதான்.

இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்று உண்டு. வன்னியில் கடும்பாறை நிலத்துக் கிணறுகளில், குறிப்பாக வவுனியாப் பக்கத்தில், நாம் அஞ்ச வேண்டியது புளோரைட்டு. இலங்கைத் தரநிலையில் அதன் எல்லை லீற்றருக்கு 1 மில்லிகிராம்; உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு 1.5. புளோரைட்டு ஒரு மில்லிகிராம் கூடினால், கூட வரும் சோடியத்தையும் சேர்த்தாலும், கடத்துதிறன் 5 அல்லது 6 மைக்ரோ சீமன்ஸ் அளவே உயரும். 1180 காட்டும் கிணற்றில் அந்த உயர்வு கருவியின் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். நைத்திரேற்று எவ்வளவு, மலக்கிருமிகள் உண்டா என்பவற்றையும் மீற்றர் தனித்துச் சொல்லாது. சிறுநீரக நோய் பரவியுள்ள ஊர்களில் சிலர் மீற்றரில் 200 என்று கண்டு நிம்மதி அடைகிறார்கள். அந்த நோய்க்கான காரணமே இன்னும் திட்டமாக நிறுவப்படாத நிலையில், ஓர் உப்பு மீற்றரைக் கொண்டு அந்த நிம்மதியைப் பெற முடியாது. குடிநீரைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் ஒருமுறையாவது முழுமையாகப் பரிசோதிப்பியுங்கள்.

பதில்: பூநகரியிலிருந்து, விவசாயி

ஐயா சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். இருப்பினும் தோட்டக்காரனுக்கு இந்த மலிவான மீற்றர் செய்யும் உதவியையும் சொல்லியாக வேண்டும். நான்கு ஆண்டுகளாக என் கிணற்றை ஒரே மீற்றரால் அளந்து கொப்பியில் எழுதி வருகிறேன். எண் 5 சதவீதம் பிழையாக இருந்தாலும், அதே கருவி, அதே முறை என்றால் ஏற்ற இறக்கம் தெளிவாகத் தெரியும். மாரி மழை தொடங்கும் முன், புரட்டாதியில், எண் உச்சத்தில் இருக்கும். மழைக்குப் பின் இறங்கும். இயந்திரம் போட்டு நீர் இறைக்கத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் ஒருமுறையும், இரண்டு மணித்தியாலத்தில் ஒருமுறையும் அளப்பேன். 1100 ஆக இருந்தது 1500 ஐத் தாண்டினால், அடியிலுள்ள உவர்நீர் மேலே ஏறுகிறது என்று கண்டு இறைப்பை நிறுத்திவிடுவேன். நாக்குக்கு அந்த வேறுபாடு தெரிவதற்குள் பயிர் கெட்டுவிடும்.

மிளகாய் உவருக்குத் தாங்காத பயிர். உலக உணவு விவசாய நிறுவனத்தின் அட்டவணைப்படி, பாசன நீர் ஏறத்தாழ 1000 மைக்ரோ சீமன்ஸைக் கடந்தபின் மிளகாயின் விளைச்சல் குறையத் தொடங்கும்; வெங்காயத்துக்கு அது 800, நெல்லுக்கு 2000. உங்கள் 1180 மிளகாய்க்குச் சற்றுக் கூடுதலே. மழைக்குப் பின் நடுவதும், சாணமும் இலைகுழையும் இட்டு ஈரத்தைக் காப்பதும் உதவும்.

அளக்கும்போது மீற்றரை வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டியில் வைத்துவிட்டு உடனே தண்ணீரில் விடாதீர்கள். கடத்துதிறன் ஒரு பாகை வெப்பத்துக்கு 2 சதவீதம் அளவில் மாறும். அந்த மாற்றத்தைச் சரிக்கட்ட உள்ளேயிருக்கும் வெப்ப உணரி தண்ணீரின் சூட்டுக்கு இறங்க ஒரு நிமிடமாவது எடுக்கும். முதலில் அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, மெதுவாகச் சுழற்றி, முனையில் காற்றுக் குமிழி ஒட்டாமல் பார்த்து, எண் அசையாமல் நின்றபின் வாசியுங்கள். கடின நீரில் முனைகளில் வெண்சுண்ணாம்பு படியும். என் மீற்றர் ஒருமுறை எந்தத் தண்ணீருக்கும் குறைவாகவே காட்டியது. முனையைத் தேசிக்காய்ச் சாற்றில் கால் மணித்தியாலம் ஊறவிட்டுக் கழுவிய பின்னர் சரியாயிற்று.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. என் மீற்றரைச் சரிபார்க்க வீட்டிலேயே வழி உண்டா, ஐயா?

பதில்: வவுனியாவிலிருந்து

உண்டு. 25 பாகை செல்சியசில் 1413 மைக்ரோ சீமன்ஸ் காட்டும் பொற்றாசியம் குளோரைட்டு நியமக் கரைசல் சிறு போத்தல்களில் விற்கப்படுகிறது. கிடைத்தால் அதுவே சிறந்தது. கிடைக்காவிட்டால், பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீரை வாங்கி, 5 கிராம் தூள் உப்பை ஒரு லீற்றரில் கரைத்து, அதில் 100 மில்லிலீற்றரை எடுத்து மீண்டும் ஒரு லீற்றராக்குங்கள். அது ஏறக்குறைய 1000 மைக்ரோ சீமன்ஸ் காட்ட வேண்டும். உங்கள் மீற்றர் பிபிஎம் மட்டும் காட்டுமானால் 500 ஐ எதிர்பாருங்கள். சமையலறைத் தராசு ஒரு கிராம் தவறினாலே 20 சதவீதப் பிழை வந்துவிடும் என்பதால், நகைக்கடைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். ஆனையிறவுக் கல்லுப்பை அப்படியே போடாதீர்கள். அதிலுள்ள ஈரம் எடையைக் கூட்டிக் காட்டும். தூள் உப்பையும் சட்டியில் வறுத்து ஆறவைத்த பிறகே நிறுங்கள்.

பூநகரித் தம்பிக்கும் ஒன்று: களப்பை அண்டிய தண்ணீர் 10,000 மைக்ரோ சீமன்ஸைத் தாண்டினால், இரண்டு முனை மட்டும் கொண்ட கருவிகளில் முனைகளை அண்டி மின்னேற்றம் தேங்கி, எண் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். ஒரு பங்கு தண்ணீருக்கு ஒன்பது பங்கு வடித்த நீர் கலந்து அளந்து பத்தால் பெருக்குங்கள். வருகின்ற எண் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஆயினும் நேரடியாக அளந்த எண்ணைவிட அதையே கொப்பியில் எழுதலாம்.